தண்ணீர் புகாத சின்ன கேமரா: முதலில் மூடியைக் கவனியுங்கள்

நங்கூரம் போட்ட படகில் உட்கார்ந்திருந்தேன். பேட்டரி தீர்ந்துவிட்டது. தோளில் கிடந்த டவலால் கேமராவை ஒரு தடவை துடைத்தேன், மூடியைத் திறந்தேன், புது பேட்டரியைச் செருகினேன், மூடினேன். பூட்டு விழுந்த சத்தமும் 'டக்' என்று கேட்டது. மறுபடி தண்ணீரில் இறங்கி மூன்று படம் எடுத்திருப்பேன், திரையின் ஓரத்தில் மூட்டம் போட்டது. ஐந்தாவது படத்தோடு திரை அணைந்துவிட்டது. படகில் ஏறி மூடியைத் திறந்தால் உள்ளே அரை ஸ்பூன் அளவுக்குக் கடல் தண்ணீர். மூடியைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தின் மேல் குறுக்காக, டவலிலிருந்து பிரிந்த ஒரு வெள்ளை நூல். விரல் நகத்தின் நீளம்தான் இருக்கும்.

அது நடந்து 12 வருடம் ஆகிறது. அதற்கப்புறம் இரண்டு கேமரா மாற்றிவிட்டேன். கடல், ஆறு, அருவி, பனி, விடாத மழை என்று எல்லா இடத்துக்கும் அவை என்னோடு வந்திருக்கின்றன. ஒன்றிலும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. இந்த வகை கேமராவை முதல் தடவையாக வாங்கிக்கொண்டு பயணம் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் பாதி அந்த மூடியைப் பற்றித்தான்.

மூடியும் ரப்பரும்

பெரும்பாலான மாடல்களில் இரண்டு மூடி இருக்கும். ஒன்றின் உள்ளே பேட்டரியும் மெமரி கார்டும். இன்னொன்றில் சார்ஜ் செய்யும் துளை. முதல் மூடியை எல்லோரும் கவனிப்பார்கள், இரண்டாவதை மறந்துவிடுவார்கள். அதனால் தண்ணீரில் இறங்குவதற்கு முன் என் தங்கை ஒவ்வொரு தடவையும், "அக்கா, ரெண்டு மூடியும் பாத்துட்டியா?" என்று கேட்பாள். உங்களுக்கும் அப்படிக் கேட்க ஒரு ஆள் இருந்தால் நல்லது.

மூடியை ராத்திரி, தங்கியிருக்கும் அறையில், விளக்கு வெளிச்சத்தில் திறப்பதுதான் என் வழக்கம். முதலில் கையைக் கழுவித் துடைப்பேன். வெயிலுக்குப் பூசிய கிரீமின் பிசுக்கு விரலில் இருந்தால் அது ரப்பரிலும் லென்ஸ் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். கேமராவை நன்றாகத் துடைத்து, இரண்டு மூன்று தடவை உதறி, மூடி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறப்பேன். மேல்நோக்கித் திறந்தால் இடுக்கில் தங்கியிருக்கும் சொட்டு நேராக பேட்டரி மேல் விழும்.

இனி ரப்பர். கேமராவை விளக்குக்குச் சாய்வாகப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத மணல் துகள் சாய்ந்த வெளிச்சத்தில் மினுங்கும். ரப்பர் வளையம் முழுவதையும் ஒரு சுற்று கண்ணால் பார்த்த பிறகு, விரல் நுனியால் ஒரு சுற்று மெதுவாகத் தடவுங்கள். முடியோ நூலோ கிடந்தால் கண் விட்டதை விரல் பிடித்துவிடும். அப்புறம் மூடி அழுந்தும் எதிர்ப்பக்கத்து விளிம்பையும் துடையுங்கள். பலர் ரப்பரை மட்டும் துடைத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். துடைக்க மூக்குக் கண்ணாடித் துணி போதும். டவல், பஞ்சு, டிஷ்யூ பேப்பர் எதுவும் வேண்டாம், மூன்றுமே நார் விடும். ரப்பருக்கு கிரீஸ் போடலாமா என்று கேட்பார்கள். கேமராவோடு வந்த கையேடு போடச் சொன்னால் ஒழிய வேண்டாம். பிசுக்கில் தூசிதான் சேரும்.

மூடிய பிறகு பூட்டைத் தள்ளிப் பாருங்கள். பல மாடல்களில் பூட்டு முழுதாக விழாவிட்டால் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் குறி எட்டிப் பார்க்கும். அன்றைய தினம் 'டக்' என்ற சத்தத்தை நம்பினேன். இப்போது கண்ணைத்தான் நம்புகிறேன்.

கடைசியாக வாளிச் சோதனை. ஒரு வாளி நல்ல தண்ணீரில் கேமராவை இரண்டு மூன்று நிமிடம் முக்கி வையுங்கள். மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குமிழிகள் பிரச்சினை இல்லை. ஒரே இடத்திலிருந்து குமிழி வரிசையாகக் கிளம்பினால் உடனே வெளியே எடுங்கள். புது கேமராவுக்கும், ரொம்ப நாள் அலமாரியில் கிடந்ததற்கும், கீழே விழுந்து அடிபட்டதற்கும் இந்தச் சோதனை கட்டாயம். விழுந்த கேமரா பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே மூடி ஒரு முடியளவு கோணியிருக்கும். ரப்பருக்கும் வயது உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை சர்வீஸில் கொடுத்து மாற்றச் சொல்லியே தயாரிப்பாளர்கள் எழுதுகிறார்கள்.

அறையில்தான் மூட வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கடலோரத்தில் மூடினால் அங்கிருக்கும் ஈரக்காற்றும் சேர்ந்து உள்ளே அடைபடும். வெயிலில் சூடான கேமராவோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் அந்த ஈரம் லென்ஸின் உட்பக்கம் பனித்துவிடும். அதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. உலர்ந்த காற்றுள்ள அறையில் மூடினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஆக, காலையில் முழு பேட்டரியும் காலியான கார்டும் உள்ளே இருக்க வேண்டும், சாயங்காலம் வரை மூடி திறக்கக் கூடாது. ஒலிம்பஸ் டிஜி-6க்கு ஒரு சார்ஜில் 340 படம் என்று கணக்குச் சொல்கிறார்கள். வீடியோ எடுத்தாலும் ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தாலும் அது வேகமாகக் குறையும். தேவையில்லாதபோது ஜிபிஎஸ் பதிவை நிறுத்தி வையுங்கள்.

பெட்டியில் போட்ட எண்

2023இல் வந்த ஓஎம் சிஸ்டம் (ஒலிம்பஸின் கேமராப் பிரிவுக்கு இப்போது இந்தப் பெயர்) டிஜி-7க்கு 15 மீட்டர், ரிக்கோ டபிள்யூஜி-80க்கு 14 மீட்டர், ஃபூஜிஃபிலிம் எக்ஸ்பி140க்கு 25 மீட்டர், நிக்கான் டபிள்யூ300க்கு 30 மீட்டர் என்று ஆழம் குறித்திருக்கிறார்கள். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடும், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. மூச்சைப் பிடித்து முங்குகிற நம்மைப் போன்றவர்கள் மூன்று நான்கு மீட்டருக்குக் கீழே போவது அபூர்வம், அதனால் இந்த எண்களுக்காக ரொம்ப யோசிக்க வேண்டாம். ஆனால் அவை அசையாத தண்ணீருக்கும் குறையில்லாத ரப்பருக்கும் சொன்ன எண்கள். பாறையிலிருந்து கேமராவோடு குதித்தால் தண்ணீர் மோதும் வேகத்தில் மூடிமேல் விழும் அடி அந்தக் கணக்கில் வராது. கேமராவைக் கீழே இருப்பவரிடம் கொடுத்துவிட்டுக் குதியுங்கள். வெந்நீர் ஊற்றிலும் இறக்க வேண்டாம், சூடு ரப்பரைக் கெடுக்கும்.

இன்னொரு விஷயம். தண்ணீர் புகாது என்றால் மிதக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கால் கிலோ எடையுள்ள கேமரா கல் மாதிரி மூழ்கும். மணிக்கட்டில் மிதவைப் பட்டை போடுங்கள், பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள். அந்தப் பட்டை உங்கள் கேமராவைத் தாங்குகிறதா என்று அதே வாளியில் பார்த்துவிடுங்கள்.

போனே தண்ணீர் தாங்குமே என்பவர்களுக்கு: தாங்கும். ஆனால் திரையில் தண்ணீர் பட்டதும் தொட்டால் கேட்காது, தொடாமலே ஏதாவது திறக்கும். உப்புத் தண்ணீரில் நனைந்து கெட்டால் உத்தரவாதமும் பெரும்பாலும் கிடைக்காது. டிக்கெட்டும் வரைபடமும் தொடர்பு எண்களும் இருக்கிற ஒரே பொருளை அலையில் கொண்டுபோக எனக்கு மனசு வராது. இந்தக் கேமராவில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பொத்தான். கையுறை போட்ட விரலாலும் அழுத்தலாம்.

லென்ஸில் ஒரு சொட்டு

வாட்டர்ப்ரூஃப் கேமராவில் எடுத்துப் பாழான படங்களை எண்ணினால், முக்கால்வாசி லென்ஸ் கண்ணாடியில் நின்ற ஒற்றைச் சொட்டால் பாழானவையாக இருக்கும். கண்ணாடி ரொம்பச் சின்னது, சொட்டு அதில் பாதியை மறைத்துவிடும். வெயிலில் சின்னத் திரையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் எல்லோர் முகத்திலும் ஒரே இடத்தில் மங்கலான வட்டம்.

விரலால் துடைக்காதீர்கள், பிசுக்கு பரவி இன்னும் மோசமாகும். தண்ணீரில் நிற்கும்போது நான் செய்வது இதுதான்: படம் எடுக்கும் நொடிக்கு முன் கேமராவை முழுவதும் முக்கி எடுப்பேன். கண்ணாடி முழுக்க மெல்லிய ஏடாகத் தண்ணீர் படர்ந்து வழியும், அது திரும்பச் சொட்டாகத் திரளுவதற்குள் இரண்டு மூன்று படம் எடுத்துவிடலாம். கண்ணாடியை நாக்கால் ஒரு தடவை நக்கிவிட்டு முக்கினால் ஏடு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். முக்குளிப்பவர்கள் முகக் கண்ணாடியில் எச்சில் தடவுவதும் இதே காரணத்துக்குத்தான். பார்க்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் படம் சுத்தமாக வரும்.

மழையில் இது உதவாது. அங்கே லென்ஸைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டே நடங்கள். காட்சி கிடைத்ததும் உயர்த்தி, எடுத்து, இறக்கிவிடுங்கள். மூக்குக் கண்ணாடித் துணி ஒன்றை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மேல்சட்டைப் பையில் வையுங்கள். தொப்பியின் விளிம்பே நல்ல குடை.

மற்றவர்கள் கேமராவைப் பைக்குள் போட்டு ஓடுகிற அந்த நேரம்தான் நம் கேமராவின் நேரம், மழையை விடாதீர்கள். மழை படத்தில் தெரிய இரண்டு விஷயம் வேண்டும்: வெளிச்சம் மழைக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். வெள்ளை வானத்தின் முன்னால் எவ்வளவு கொட்டினாலும் ஒன்றும் பதியாது. இருண்ட மரக்கூட்டத்தின் முன்னால் சாதாரணத் தூறல்கூடக் கோடு கோடாகத் தெரியும். ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/60 நொடி அளவில் இருந்தால் கோடாக விழும், 1/500க்கு மேல் போனால் தனித்தனி முத்தாக நிற்கும். பல சின்னக் கேமராக்களில் ஷட்டரை நாம் நேரடியாக வைக்க முடியாது. அப்படியானால் வேகத்துக்கு ஸ்போர்ட்ஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள், கோடு வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவை) 100க்கு இறக்குங்கள்.

அருவிக்கு ஒரே ஒரு குறிப்பு. கேமரா பாறையின் கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், தண்ணீர் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7க்குக் குறைத்துவிட்டு எடுங்கள். பனியில் இதற்கு நேர் எதிர். அங்கே பிளஸ் 0.7 அல்லது 1 வைக்காவிட்டால் பனி சாம்பல் நிறமாக வரும். பனியில் பேட்டரியும் சீக்கிரம் சோர்ந்துவிடும், கேமராவை உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள்.

தண்ணீருக்குள்ளே

இங்கே எல்லாவற்றையும்விடப் பெரிய விதி: கிட்டே போங்கள். கிட்டே போய்விட்டோம் என்று தோன்றும்போது இன்னும் பாதி தூரம் போங்கள். தண்ணீருக்குள் பொருள்கள் இருப்பதைவிடக் கால்பங்கு கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும், அதனால் நம் கண் நம்மை ஏமாற்றிவிடும். நமக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர் எல்லாம் ஒரு நீலத் திரை, அதில் தூசியும் மிதக்கிறது. ஒரு மீட்டருக்குள் வந்தால்தான் நிறமும் கூர்மையும் கிடைக்கும். ஜூம் வேண்டாம். லென்ஸை அகலக் கோணத்திலேயே விட்டுவிட்டு நீங்கள் நகருங்கள். ஜூம் செய்தால் வெளிச்சம் உள்ளே வருவதும் குறையும்: டிஜி-7இல் அகலக் கோணத்தில் எஃப்/2.0, ஜூமின் கடைசியில் எஃப்/4.9 (எண் பெரிதானால் வெளிச்சம் குறைவு). டிஜிட்டல் ஜூமை அமைப்புகளில் போய் நிரந்தரமாக அணைத்துவிடுங்கள்.

சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதலில் குடித்துவிடும். ஐந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். கேமராவில் இருக்கும் நீருக்கடி முறை வைட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) மாற்றி அதில் கொஞ்சம் மீட்டுத் தரும். ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, பதியும் வசதி இருந்தால் (டிஜி வரிசையில் 2015இல் வந்த டிஜி-4இலிருந்து உண்டு) கடலில் அதைப் போடுங்கள், வீட்டில் உட்கார்ந்து நிறத்தைச் சரிசெய்யலாம். ஆனால் ஒரு மீட்டர் ஆழத்தில், வெயில் உச்சியில் இருக்கும்போது, கிட்டே போய் எடுத்த படத்துக்கு எந்தத் திருத்தமும் தேவைப்படாது. கரையில் மத்தியான வெயில் படத்துக்கு ஆகாது. தண்ணீருக்குள் காலை 10 முதல் 2 வரைதான் நல்ல நேரம். சூரியன் சாய்ந்தால் வெளிச்சத்தின் ஒரு பகுதி மேல்பரப்பிலேயே தெறித்துப் போய்விடும்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அது லென்ஸை ஒட்டியே இருப்பதால் நடுவில் மிதக்கும் தூசி ஒவ்வொன்றிலும் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாகப் பூத்துவிடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்து, பொருளும் ஒரு சாண் தூரத்தில் இருந்தால் மட்டும் போட்டுப் பாருங்கள்.

மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் மீனின் முதுகும் மணலும்தான் வரும், இரண்டும் ஒரே நிறம். மீன் இருக்கும் மட்டத்துக்கு இறங்கி, கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து, கொஞ்சம் மேல்நோக்கி எடுங்கள். துரத்தாதீர்கள், துரத்தினால் வால்தான் கிடைக்கும். ஒரு இடத்தில் அசையாமல் மிதந்தால், ஓடின மீனே கொஞ்ச நேரத்தில் யார் இது என்று பார்க்க வரும். பவளத்தின் மேல் கால் வைக்கவோ கையால் பிடித்து நிற்கவோ கூடாது. அது கல் இல்லை, உயிர். ஒரு படத்துக்காக அதை உடைத்துவிட்டு வருவதை என்னால் பொறுக்க முடியாது.

ஒரு தடவை மல்லாந்து மேலே பாருங்கள். தலைக்கு மேல் ஒரு வட்டம் தெரியும், வானம், மரம், படகு எல்லாம் அந்த வட்டத்துக்குள் சுருண்டிருக்கும். சுற்றிலும் கண்ணாடி போல் அடித்தளம் பிரதிபலிக்கும். ஒளி தண்ணீரில் வளைவதால் மேலே உள்ள முழு உலகமும் சுமார் 97 பாகை அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வட்டத்தில் ஒருவர் நீந்திக் கடக்கும்போது எடுத்துப் பாருங்கள். என் தங்கையை அப்படி எடுத்த படம்தான் எங்கள் வீட்டில் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே பயணப் படம்.

பாதி தண்ணீர், பாதி வானம் என்று எடுக்கும் படத்துக்கு எல்லோருக்கும் ஆசை. சின்ன லென்ஸில் அது கஷ்டம், தண்ணீர்க் கோடு தடிமனாக நடுவில் நிற்கும், சின்ன அலைகூட மொத்தத்தையும் மூடிவிடும். அசையாத தண்ணீரில், தொடர்ச்சியாக எடுக்கும் முறையில் ஐம்பது எடுத்தால் ஒன்று தேறும். நான் அதிகம் மெனக்கெடுவதில்லை.

மெனக்கெடத் தகுந்தது இன்னொன்று. டிஜி வரிசையில் மைக்ரோஸ்கோப் முறை என்று ஒன்று உண்டு, லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதையும் பிடிக்கும். மழை விட்ட காலையில் ஒரு சிலந்தி வலைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். இழையில் வரிசையாகக் கோத்த சொட்டு, ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் தலைகீழாக ஒரு மரம். அவ்வளவு கிட்டத்தில் கேமராவின் நிழலே சொட்டின் மேல் விழும், அதனால் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி நகருங்கள். லென்ஸைச் சுற்றி எல்இடி விளக்குள்ள மாடல் என்றால் அதைப் போடுங்கள். மூச்சுக் காற்றே வலையை ஆட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுங்கள்.

இரவில் இந்தக் கேமராவிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஐஎஸ்ஓவுக்கு 800 என்று உச்சவரம்பு வைத்துவிட்டு, கேமராவைப் பாறையிலோ கைப்பிடிச் சுவரிலோ வைத்து இரண்டு நொடி டைமரில் எடுங்கள்.

கரைக்கு வந்த பிறகு

உப்பு காய்வதற்கு முன் நல்ல தண்ணீரில் முக்க வேண்டும். காய்ந்த உப்பு பொத்தான்களின் இடுக்கில் படிகமாகி, அழுத்தும்போதெல்லாம் அரைக்கும். ஒரு பாத்திரத்தில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஊற வையுங்கள். ஊறும்போதே ஒவ்வொரு பொத்தானையும் பலமுறை அழுத்துங்கள், சக்கரத்தைத் திருப்புங்கள், இடுக்கிலிருந்து உப்பும் மணலும் வெளியே வரும். நல்ல தண்ணீர் கிடைக்க நேரமாகும் என்றால் ஈரத்துணியில் சுற்றி வைத்திருங்கள். குழாயை வேகமாகத் திறந்து அதன் கீழ் நேராகப் பிடிக்காதீர்கள். அப்புறம் நிழலில் காய விடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகுதான் மூடி, கார்டு, சார்ஜ் எல்லாம்.

இவ்வளவுக்கும் பிறகு உள்ளே தண்ணீர் போய்விட்டால், உடனே அணைத்து பேட்டரியை வெளியே எடுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி ஆன் செய்யாதீர்கள். படகில் நான் செய்தது அதுதான், மூன்று தடவை ஆன் செய்து பார்த்தேன். உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடியதும் கேமரா அங்கேயே முடிந்துவிட்டது. மெமரி கார்டு மட்டும் தப்பித்தது. அதை நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் காயவைத்துப் போட்டுப் பார்த்தேன், படங்கள் எல்லாம் இருந்தன. கடைசியிலிருந்து மூன்றாவதில் ஒரு ஆமை. துடுப்பு விரித்து, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. படத்தின் இடது ஓரத்தில் மூட்டம் மெல்லத் தொடங்கியிருக்கிறது.